பச்சைக் கல்லில் இருந்த சிவப்பு

2011ஆம் ஆண்டு, இலையுதிர் காலம். பாரிஸில் லாச்சப்பல் பக்கம் ஓர் அறை வீட்டில் நானும் கணவரும் குடியிருந்தோம். ஊரில் அப்பா இறந்து ஒரு கிழமைதான் ஆகியிருந்தது. விசாப் பத்திரம் சரிவராததால் என்னால் போக முடியவில்லை. செத்தவீட்டைத் தொலைபேசியில்தான் கேட்டேன். அப்போது எனக்கு நாலாம் மாதம். அதற்கு முன் இரண்டு தடவை வயிற்றில் தங்காமல் போய்விட்டதால், இந்தமுறை கணவரையும் திரான்சியில் இருக்கும் அவருடைய அக்காவையும் தவிர ஒருவருக்கும் மூச்சு விடவில்லை.

கலியாணம் முடித்த மகளுக்குச் செத்தவீட்டுத் தீட்டு, அந்தத் துடக்கு, அவ்வளவு நாள் இல்லை என்று சிலர் சொன்னார்கள். கணவரின் அக்கா, என் மச்சாள், விடவில்லை. வயிற்றுப் பிள்ளைக்காரி, அப்பாவின் ஒரு வருடத் திவசமான ஆட்டத்திவசம் முடியும்வரை கோயில் வாசலையே மிதிக்கக் கூடாது என்றுவிட்டார். மச்சாளோடு வாதாடி வென்றவர்கள் எங்கள் குடும்பத்தில் இல்லை. நான் வேலைக்குப் போகும் வழியோ கோயில் இருக்கிற ரூ பஜோல் தெரு. கோயில் மணி கேட்டால் மற்றப் பக்க நடைபாதைக்கு மாறிப் போவேன். பிள்ளைக்காக ஒரு இடத்தில் கும்பிடவும் முடியவில்லையே என்று மனம் கிடந்து தவித்தது.

நான் வீடு துப்புரவாக்கப் போனது எண்பது வயதுப் பிரெஞ்சு மதாம் ஒருவரிடம். செவ்வாயும் வெள்ளியும் போவேன். ஒரு வெள்ளிக்கிழமை அவருடைய புத்தக அலுமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். புத்தகங்களுக்கு முன்னால் உள்ளங்கையில் அடங்கும் பச்சைக் கல் முகம் ஒன்று இருந்தது. குழந்தை முகம். அழப்போகிற பிள்ளையைப் போல வாயின் இரண்டு ஓரமும் கீழே இழுபட்டிருந்தது. நூல் கோக்க இரண்டு பக்கமும் துளை. செதுக்கிய கோடுகளுக்குள் சிவப்புப் பொடி. துடைத்தபோது அது விரலில் ஒட்டிக்கொண்டது. விரலில் ஒட்டிய குங்குமத்தை நாங்கள் துணியிலா துடைப்போம்? கை தானாக நெற்றிக்குப் போய்விட்டது.

அன்று எனக்கு எவ்வளவு நிம்மதி என்று சொல்லத் தெரியவில்லை. யாரோ எங்கேயோ கும்பிட்ட சாமி, இதற்குத் துடக்கும் தெரியாது, மச்சாளையும் தெரியாது என்று நினைத்தேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு செவ்வாயும் வெள்ளியும் கைகழுவிவிட்டு அந்த முகத்தைத் தொட்டு நெற்றியில் வைத்தேன், வயிற்றிலும் தடவினேன். மேலே இருந்த பொடி முடிந்ததும் ஊக்கு முனையால் கோட்டுக்குள் சுரண்டினேன். கொஞ்சத்தைக் கடதாசியில் மடித்துத் தலையணைக்குக் கீழேயும் வைத்தேன். இப்படி ஐந்து கிழமை போனது.

ஆறாம் கிழமை வெள்ளி, கோப்பி கொண்டுபோய்க் கொடுத்தபோது மதாம் என் நெற்றியைப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். பிறகு எழுந்துபோய் அலுமாரியில் இருந்த கல்லை எடுத்து யன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். வாயைச் சுற்றியிருந்த கோடுகள் வெறுமையாகக் கிடந்தன. வேலை போகும், பொலிஸ் வரும், விசாவும் அதோடு சரி என்று நினைத்தேன். நான் களவெடுக்கவில்லை என்று தமிழில்தான் வாயில் வந்தது.

மதாம் கத்தவில்லை. எனக்கு விளங்கட்டும் என்று மெதுவாகச் சொன்னார். அதில் இரண்டு சொற்கள்தான் என் காதில் விழுந்தன. ஒன்று கல்லறை. மற்றது பாதரசம். அந்தக் கல் மெக்சிக்கோவில் ஒரு கல்லறைக்குள் இருந்ததாம், அந்தச் சிவப்பு பாதரசம் சேர்ந்த பொடியாம்.

துடக்கு என்று கோயில் வாசலுக்குப் போகாதவள், ஐந்து கிழமையாகப் பிணத்தோடு புதைத்ததை எடுத்து நெற்றியில் வைத்திருக்கிறேன். அது நஞ்சும்கூட. வயிற்றைப் பொத்திக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டேன். தெரிந்த பிரெஞ்சில் ஒன்றுதான் சொன்னேன்.

"மதாம், எனக்குப் பிள்ளை இருக்கு."

மதாமின் முகம் வெளிறியது. பஞ்சை நனைத்துக்கொண்டு வந்து என் நெற்றியைத் துடைக்கக் கையை நீட்டினார். நான் அந்தக் கையை இறுக்கிப் பிடித்துவிட்டேன். இன்னொரு பெண் வந்து பொட்டை அழிப்பதென்றால் எங்களுக்கு என்ன அர்த்தம் என்று அவருக்கு எப்படித் தெரியும்? எனக்குப் புருஷன்தான் நினைவில் வந்தார். பஞ்சை வாங்கி நானே துடைத்தேன்.

முழங்கால் வருத்தத்தால் மாதக் கணக்காகப் படியிறங்காத மனுசி, அன்று என் தோளைப் பிடித்துக்கொண்டு மூன்று மாடியும் இறங்கி ஆஸ்பத்திரிக்கு வந்தார். நான் சொல்லத் தெரியாமல் விழித்ததையெல்லாம் டாக்டருக்கு அவர்தான் சொன்னார். அந்தப் பொடி தோலுக்குள்ளால் இலேசில் போகாது, ஆனாலும் பார்க்கத்தான் வேண்டும் என்று டாக்டர் இரத்தமும் சிறுநீரும் எடுக்கச் சொன்னார். முடிவு வர ஆறு நாள் என்றார்கள்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். உணவகத்துச் சமையல் வேலையால் வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் நின்றவர், தலையணைக்குக் கீழே இருந்த மடிப்பைக் கையுறை போட்டு எடுத்துப் போத்தலில் அடைத்தார். "என்னட்டை ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே," என்றார். அதற்குமேல் ஏசவில்லை. ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அந்த ஆறு நாளும் நான் பொட்டே வைக்கவில்லை. வயிற்றில் வாயு அசைந்தாலும் பயம், அசையாவிட்டாலும் பயம். கக்கூசுக்குப் போகும்போதெல்லாம் முன்பு இரண்டு தடவை கண்ட இரத்தம்தான் கண்ணுக்குள் நின்றது. கண்ணை மூடினால் அந்தக் கீழே இழுத்த வாய்.

இடையில் வந்த செவ்வாய்க்கிழமை மதாம் என்னை வேலை செய்யவிடாமல் பக்கத்தில் இருத்தினார். இளவயதில் மெக்சிக்கோவில் வேலை செய்த அவருடைய கணவர் கொண்டுவந்த கல்லாம் அது. கொண்டுவந்திருக்கவே கூடாது என்றும் சொன்னார். இரண்டாயிரத்து ஐந்நூறு வருடத்துக்கும் முந்திய ஒல்மெக் சனங்கள் செய்தது. பெரியவர்கள் அதை மார்பில் அணிந்தார்களாம். அவர்கள் எழுதிவைக்காததால் முழு அர்த்தமும் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் பச்சை என்பது சோள முளையும் தண்ணீரும், சிவப்பு என்பது இரத்தம், உயிர் என்றுதான் படித்தவர்கள் நினைக்கிறார்களாம்.

"செத்தவர் திரும்ப முளைக்கட்டும் என்று வைத்திருப்பார்கள். நீ பயப்படுகிற மாதிரிச் சாமான் இல்லை அது," என்றார். பிறகு, இவ்வளவு தெரிந்த நான் உனக்கு முன்பே சொல்லாதது என் பிழை என்று என் கையைப் பிடித்தார். பிழை என்னுடையது என்று நானும் அழுதேன்.

ஆறாம் நாள் முடிவு வந்தது. பயப்பட ஒன்றும் இல்லை என்றார்கள். அடுத்த வசந்தத்தில் மகள் பிறந்தாள்.

மதாம் கல்லைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, என்னைக் கொண்டே தமிழில் ஒரு துண்டு எழுதி ஒட்டுவித்தார்: தொடாதேங்கோ. அந்த வீட்டில் அதை வாசிக்க என்னைத் தவிர ஆள் இல்லை.

இப்போது மகளுக்குப் பொட்டு வைக்கும்போதெல்லாம் என் விரலை ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன். அப்பாவின் நெற்றியில் கடைசியாக ஒரு பொட்டு வைக்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. யாரோ தங்களுடைய ஒருவருக்கு, திரும்ப முளைக்கட்டும் என்று வைத்துவிட்ட சிவப்பை, என் பிள்ளைக்காக நான் ஊக்கு முனையால் சுரண்டி எடுத்திருக்கிறேன் என்பதை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு கூசுகிறது.