ஏலப்பாறையிலிருந்து போன ஸ்காட்லாந்து டீச்சர்

பாங்காக்கில் வெளிநாட்டுக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கென்று நடந்த ஒரு சிறிய பள்ளியில் நான் நான்கு வருடம் ஆசிரியையாக இருந்தேன். அந்த நான்கு வருடமும் பிள்ளைகளைப் பெற்றவர்களில் பாதிப்பேர் என்னை ஸ்காட்லாந்துக்காரி என்றே நினைத்திருந்தார்கள். நான் அப்படி ஒருநாளும் சொல்லிக்கொண்டதில்லை. எங்கள் எஸ்டேட் துரைசாணி நல்ல மனதோடு எழுதிய ஒரு கடிதத்தால் வந்த வினை அது.

திருவிதாங்கூர் மலையில் ஏலப்பாறையிலிருந்து நான்கு மைல் மேலே ஏறினால் எங்கள் தேயிலை எஸ்டேட். அப்பா துரை பங்களாவில் பட்லர். அம்மா கொழுந்து எடுத்தாள். இருவருடைய குடும்பங்களும் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மலையேறி வந்தவை. நாங்கள் புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவர்கள் என்பதால் என் பெயரும் அப்பாவின் பெயரும் வேதாகமத்திலிருந்து எடுத்தவை. இரண்டையும் சேர்த்து எழுதினால் உலகத்தில் எந்த நாட்டுப் பெண்ணுக்கும் அந்தப் பெயர் பொருந்தும்.

ஆங்கிலத்தைப் புத்தகத்திலிருந்து படித்தேன். பாளையங்கோட்டையில் ஆசிரியப் பயிற்சியும் முடித்தேன். ஆனால் அந்த மொழியை வாயால் எப்படிச் சொல்லவேண்டும் என்பது எனக்குப் பங்களா குசினியின் பின்படிக்கட்டில் கிடைத்தது. துரை ஸ்காட்லாந்துக்காரர். மனிதர்களிடம் அதிகம் பேசமாட்டார். அவர் பேசியதெல்லாம் தம் இரண்டு நாய்களிடம்தான். விடுமுறை நாட்களில் நான் படியில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டே அதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். அவர் ‘ர’ என்ற எழுத்தை உருட்டுகிற உருட்டு நம்முடைய ‘ற’தான், சந்தேகமே இல்லை. அதனால் எனக்கு அது சுலபமாக வந்துவிட்டது.

எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் மூன்று வருடம் வேலை பார்த்த பிறகு ஒருநாள் துரைசாணி அப்பாவைக் கூப்பிட்டார். அவருடைய சித்தி மகள் பாங்காக்கில் இருந்தார். அங்கே ஒரு பள்ளியில் ஆசிரியை ஒருத்தி கல்யாணம் செய்துகொண்டு வருடத்தின் நடுவில் போய்விட்டாளாம். உன் மகளை அனுப்புகிறாயா என்று கேட்டார். அப்பா “யெஸ் மேடம்” என்றார். இருபது வருடத்தில் அவர் அந்த அம்மாளிடம் வேறு வார்த்தை சொன்னதில்லை. நான் கடல் கடந்து போவது இப்படித்தான் முடிவாயிற்று.

துரைசாணி அந்தப் பள்ளிக்கு எழுதிய கடிதத்தை நான் பின்னால் பார்த்தேன். ‘மலைநாட்டில் ஒரு நல்ல ஸ்காட்டிஷ் எஸ்டேட்டில் வளர்ந்த பெண். தெய்வபயம் உள்ளவள். நாங்கள் பேசுவதைப் போலவே ஆங்கிலம் பேசுவாள்’ என்று இருந்தது. ஸ்காட்லாந்திலும் ‘மலைநாடு’ என்று ஒரு பகுதி உண்டு என்பது எனக்கு அப்போது தெரியாது.

சென்னையில் கப்பலேறி, பினாங்கில் இறங்கி, அங்கிருந்து ரயிலில் பாங்காக் போய்ச் சேர்ந்தேன். துரைசாணியின் சித்தி மகள் அப்போது விடுப்பில் தன் நாட்டுக்குப் போயிருந்தார். என்னை அழைத்துப்போக வந்தவர் தலைமை ஆசிரியர். டென்மார்க்குக்காரர், நல்ல உயரம். என் பெயர் எழுதிய அட்டையைப் பிடித்துக்கொண்டு பிளாட்பாரத்தில் நின்றார். நான் போய் அவர் முன்னால் நின்றேன். அவர் என் தலைக்கு மேலாக ரயிலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மறைக்கிறேன் போலிருக்கிறது என்று கொஞ்சம் விலகி நின்றேன். எஸ்டேட்டில் துரை தூரத்தில் எதையாவது பார்த்துக்கொண்டிருந்தால் அவர் திரும்பும் வரை நாங்கள் வாய் திறக்கமாட்டோம். அந்தப் பழக்கத்தில் பேசாமல் நின்றேன்.

கூட்டம் கரைந்தது. கடைசியில் அவர் என் பக்கம் திரும்பி, வண்டியில் ஒரு ஸ்காட்லாந்துப் பெண்ணைப் பார்த்தீர்களா என்று மரியாதையாகக் கேட்டார். பார்க்கவில்லை என்றேன். அது உண்மைதானே. அட்டையில் இருப்பது என் பெயர், ஆனால் இவர் இன்னொரு ஆசிரியையையும் எதிர்பார்க்கிறார், முதலில் அவள், பிறகுதான் என் முறை என்று எனக்குத் தோன்றியது. பெண்கள் தங்கும் அறையில் போய்ப் பார்க்க முடியுமா என்றார். போய்ப் பார்த்துவிட்டு வந்து, ஒரு சீனத்து அம்மாளும் கூடையில் இரண்டு வாத்தும்தான் இருக்கின்றன என்று சொன்னேன். பிறகு இருவருமாக அந்த ரயிலை முழுக்க நடந்து தேடினோம். அவர் ஒரு பக்கத்து ஜன்னல்களைப் பார்த்தார். நான் தண்டவாளத்தைத் தாண்டிப் போய் மறுபக்கத்து ஜன்னல்களைப் பார்த்தேன்.

களைத்துப்போய் அவர் என் தகரப் பெட்டிமேல் உட்கார்ந்தார். பெட்டியில் வெள்ளைப் பெயிண்டால் என் பெயரை அப்பா எழுதியிருந்தார். அதைப் பார்த்துவிட்டுத் துள்ளி எழுந்தார்.

“இந்தப் பெட்டிக்காரி எங்கே?”

“நான்தான்” என்றேன்.

பெட்டியைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். மலைநாட்டிலிருந்தா வருகிறீர்கள் என்றார். ஆமாம். ஸ்காட்டிஷ் எஸ்டேட்டா? ஆமாம். கடிதத்தில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை என்று தமக்குத்தானே சொல்லிக்கொண்டு பெட்டியின் ஒரு பக்கத்தைத் தூக்கினார்.

பள்ளியின் விவரப் புத்தகத்தில் ‘ஸ்காட்லாந்திலிருந்து வரும் புதிய ஆசிரியை’ என்று அச்சடித்து எல்லாருக்கும் கொடுத்தாகிவிட்டது. நிர்வாகக் கமிட்டி மூன்று மணி நேரம் கூடிப் பேசியது. புதிதாக ஒன்றும் அச்சடிக்க வேண்டாம், யாராவது கேட்டால் உண்மையைச் சொல்வது என்று தீர்மானம் ஆயிற்று. யாரும் கேட்கவில்லை. ஸ்காட்லாந்தில் என்னைப்போலவும் இருப்பார்கள் போலும், இதைக் கேட்டால் தனக்கு உலகம் தெரியாது என்று ஆகிவிடும் என்று ஒவ்வொருவரும் நினைத்திருக்க வேண்டும்.

என் வகுப்பில் இருபத்துமூன்று பிள்ளைகள், ஒன்பது நாட்டுக்காரர்கள். முதல்நாள் ஒரே கூச்சல். பயிற்சியில் படித்ததெல்லாம் மறந்துபோயிற்று. வாயில் தானாக வந்தது துரையின் குரல். “சிட்” என்றேன். இருபத்துமூன்றும் உட்கார்ந்தன. “ஸ்டே” என்றேன். அசையவில்லை. ஒரு பையன் அடுத்தவனின் பென்சிலைப் பிடுங்கி வாயில் வைத்திருந்தான். “டிராப் இட்” என்றதும் அது கீழே விழுந்தது. வராந்தாவில் நின்று கேட்ட தலைமை ஆசிரியர், இது என்ன போதனை முறை என்று பிறகு விசாரித்தார். எங்கள் எஸ்டேட்டில் இப்படித்தான் என்றேன். அவர் அதைக் குறித்துக்கொண்டார்.

ஆறு மாதத்துக்குள் டச்சுப் பிள்ளையும் ஜப்பான் பிள்ளையும் ‘ற’வை உருட்டத் தொடங்கிவிட்டார்கள். அந்தச் சமயத்தில்தான் நிஜமான ஒரு ஸ்காட்லாந்துக்காரர் வந்து சேர்ந்தார். ஏதோ பாலம் கட்டுகிற என்ஜினியர். மகனைச் சேர்த்த மறுநாள் அவனை அழைத்துப்போகத் தம் நாயோடு வராந்தாவில் வந்து நின்றார். சாயங்கால ஜெபம் முடிந்து நான் “சிட்” என்று சொன்னேன். வகுப்பு உட்கார்ந்தது. வராந்தாவில் நாயும் உட்கார்ந்தது. மணி அடித்துப் பிள்ளைகள் போன பிறகும் அது எழுந்திருக்கவில்லை. அவர் மூன்று தடவை கூப்பிட்டார். அது என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. வேறு வழியில்லாமல், துரை தம் நாய்களை விடுவிக்கும்போது சொல்கிற வார்த்தையை நான் சொன்னேன். எழுந்து போயிற்று.

அவர் என்னிடம் வந்தார். எந்த ஊர் என்று கேட்டார்.

“ஏலப்பாறை.”

“அபர்டீனுக்கு வடக்கேயா?”

“பீருமேட்டுக்கு வடக்கே” என்றேன்.

பீருமேடு தமக்கு நன்றாகத் தெரிந்த இடம்போலத் தலையை ஆட்டினார். அன்று மாலையே கிளப்பில் எல்லாரிடமும், அந்த டீச்சர் எங்கள் நாட்டுக்காரிதான், என் நாய் வேறு யாருக்கும் அடங்காது என்று சொல்லியிருக்கிறார். அடுத்த மாதம் ஸ்காட்லாந்தைப் பற்றி ஒரு பாடம் நடத்தச் சொன்னார்கள். எனக்கென்ன தெரியும்? ஏலப்பாறையைப் பற்றிச் சொன்னேன். விடாத மழை, பகலிலும் மூடுபனி, வழுக்குப்பாறை, கம்பளி, காலில் ஏறும் அட்டை. என்ஜினியர் தம் மகனிடம் கேட்டுவிட்டு, அட்டையைத் தவிர எல்லாம் சரி என்று சொல்லி அனுப்பினார்.

இரண்டு வருடம் கழித்து விடுப்பில் ஊருக்கு வந்தேன். நான் போகும்போது திருவிதாங்கூர்-கொச்சியாக இருந்தது கேரளம் ஆகியிருந்தது. தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருந்த எங்கள் லயத்தில் எதுவும் மாறவில்லை. வந்த அன்றே அம்மா, அங்கே என்ன பாடம் நடத்துகிறாய் என்று கேட்டாள். வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறேன் என்றேன்.

அம்மா அடுப்பை ஊதுவதை நிறுத்தினாள். “அவுக பிள்ளையளுக்கு அவுக பாஷைய நீ சொல்லிக்குடுக்கியா? ஏன், அவுக அம்மைமாருக்கு நாக்கு இல்லியா?”

நான் விளக்கிப் பார்த்தேன். விளக்க விளக்க எனக்கே அது நம்பமுடியாததாகத் தோன்றியது. வகுப்பில் எடுத்த போட்டோவைக் காட்டினேன். சுற்றிலும் வெள்ளைப் பிள்ளைகள், நடுவில் சேலையில் நான், மடியில் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று. யாரோ ஒருவருடைய தம்பி அது. லயத்தில் எல்லாருக்கும் விஷயம் புரிந்துவிட்டது. நான் ஆயா வேலைக்குப் போயிருக்கிறேன். வெட்கப்பட்டுக்கொண்டு டீச்சர் என்கிறேன். யாரும் கேலி செய்யவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. பக்கத்து வீட்டு அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, எந்த வேலையானாலும் கர்த்தருக்கு முன்னால் ஒன்றுதான் என்று ஆறுதல் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் உபதேசியார், தூரதேசத்தில் அந்நியருடைய குழந்தைகளைக் குளிப்பாட்டித் தலைவாரிவிடும் நம் சகோதரிக்காக என்று நீளமாக ஜெபித்தார். நான் கண்ணைத் திறந்து அப்பாவைப் பார்த்தேன். அவர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டிருந்தார். அவருக்கும் சந்தேகம் இருந்திருக்கிறது.

அந்த மாதம் துரை எஸ்டேட்டை விட்டு ஒரேயடியாகத் தம் நாட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். பக்கத்து எஸ்டேட் துரைமாருக்குப் பங்களாவில் ஒரு டீ விருந்து. துரைசாணி என்னையும் அழைத்துச் சீட்டு அனுப்பினார். கொண்டுவந்தவர் அப்பா. வெள்ளைக் கோட்டோடு வந்து எங்கள் வீட்டுக்குள்ளேயே விறைப்பாக நின்று சீட்டை நீட்டினார். நான் படித்து முடிக்கும் வரை உட்காரவில்லை.

“வருவேன்னு சொல்லுங்கப்பா.”

“எழுதிக் குடு. வாயால சொல்லப்பிடாது.”

எழுதிக் கொடுத்தேன். அதைத் தட்டில் வைப்பதுபோல உள்ளங்கையில் வைத்துக்கொண்டு மலையேறிப் போனார்.

மறுநாள் நாலு மணிக்குப் பங்களா முன்வாசல் வழியாக முதல்முறையாக உள்ளே போனேன். புல்தரையில் மேஜை போட்டு ஏழெட்டுத் துரைமார்களும் அவர்கள் மனைவிமார்களும் உட்கார்ந்திருந்தார்கள். துரைசாணி என்னைப் பாங்காக்கிலிருந்து வந்திருக்கும் ஆசிரியை என்று சொல்லி நடுவில் உட்காரவைத்தார். எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்பா டீ கெட்டிலோடு வந்தார்.

அப்பா நிற்கும்போது நான் உட்கார்ந்து பழக்கம் இல்லை. எழுந்துவிட்டேன். ஒரு பெண் எழுந்தால் ஆண்கள் உட்கார்ந்திருக்கக் கூடாது என்பது அவர்கள் மரியாதை. ஏழெட்டுத் துரைமார்களும் எழுந்து நின்றார்கள். ஒன்றும் புரியாமல் உட்கார்ந்தேன். அவர்களும் உட்கார்ந்தார்கள். அப்பா பால் கொண்டுவந்தார். எழுந்தேன். எழுந்தார்கள். சர்க்கரைக்கு எழுந்தேன். கேக்குக்கு எழுந்தேன். கனத்த உடம்புக்காரர் ஒருவர் மூச்சு வாங்க, உட்காராமலே நாற்காலியைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். எனக்கு மூன்று கரண்டி சர்க்கரை வேண்டும் என்பது அப்பாவுக்குத் தெரியும். ஆனாலும் எத்தனை என்று ஆங்கிலத்தில் கேட்டார். ஒன்று போதும் என்று நானும் ஆங்கிலத்தில் சொன்னேன்.

ஐந்தாவது தடவை நான் எழுந்தபோது யாருடைய கோப்பையோ கவிழ்ந்தது. அப்பா குனிந்து துணியால் துடைத்துக்கொண்டே, என் காதுக்கு மட்டும் கேட்கும்படி தமிழில் சொன்னார்.

“உக்காருட்டி. இவுக டீ குடிச்சு வீட்டுக்குப் போவாண்டாமா?”

அதற்குப் பிறகு நான் எழவில்லை. அப்பா நான்கு தடவை என் பின்னால் வந்து போனார். நாற்காலியின் இரண்டு பக்கத்தையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என்ன பேசினார்கள், நான் என்ன பதில் சொன்னேன் என்று ஒன்றும் நினைவில்லை. டீ வெந்நீர்போல இருந்தது.

அம்மாவும் இன்னும் நாலைந்து பெண்களும் வேலிக்கு அந்தப் பக்கம் கொழுந்துக் கூடையோடு நின்று இதைப் பார்த்திருக்கிறார்கள். நான் வீடு வந்து சேர்வதற்குள் லயம் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. இனியாவது என்னை டீச்சர் என்று நம்புவார்கள் என்று நினைத்தேன். பக்கத்து வீட்டு அக்கா வாசலிலேயே நின்றிருந்தாள்.

“இத்தன துரைமார் எந்திரிச்சு நிக்காகன்னா நீ சும்மா ஆயா இல்ல பிள்ளே. ராசா அரமனையில ஆயாவா இருக்க. எங்ககிட்ட மறைச்சிட்டியே.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை உபதேசியார் சியாம் தேசத்து ராஜகுமாரர்களுக்காகவும் ஜெபித்தார். நான் திருத்தப் போகவில்லை.

விடுப்பு முடிந்து கிளம்பும்போது அப்பா ஏலப்பாறை வரை வந்தார். பஸ் வர நேரம் இருந்தது. அன்றைக்கு நீ எழுந்தது சரியில்லை, மேஜைவிரிப்பில் கறை விழுந்துவிட்டது என்றார். நீங்கள் நிற்கும்போது நான் எப்படி உட்காருவேன் என்று கேட்டேன். அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“உக்காந்தியே, கடைசில. அப்பதான் எனக்கு நெசமாவே நீ டீச்சர்னு பட்டுது.”

பஸ் வந்தது. பெட்டியை அவரே தூக்கி மேலே போட்டார்.

இன்னும் இரண்டு வருடம் பாங்காக்கில் இருந்துவிட்டுத் திரும்பி, மலையில் வேறொரு பள்ளிக்கூடத்தில் சேர்ந்தேன். முதல் வருடமே இன்ஸ்பெக்டர் வந்து என் வகுப்பைக் கவனித்தார். ஆசிரியையின் ஆங்கில உச்சரிப்பு கொச்சையாக இருக்கிறது, திருத்திக்கொள்ள வேண்டும் என்று குறிப்பு எழுதிவிட்டு, எங்கே படித்தது இந்த ஆங்கிலம் என்று கேட்டார். ஏலப்பாறையில் என்றேன். அப்படித்தான் இருக்கும் என்று சொல்லி, அதையும் சேர்த்து எழுதிக்கொண்டார்.