மில்லுக்கு வந்த கிரேக்கர்

முதலாளியின் விருந்தாளியாக அந்தக் கிரேக்கர் எங்கள் இராஜபாளையம் மில்லுக்கு வந்தார். அவர் நாட்டில் பெரிய இசையமைப்பாளராம். தாடியெல்லாம் பஞ்சு ஒட்டியிருக்க, பேட்டரி டேப்ரெக்கார்டரோடு ஒவ்வொரு மிஷினிலும் காதை வைத்து நின்று, மூன்று நாள் என் ஷிப்டைக் கெடுத்தார்.

"இந்த இரைச்சல்ல என்னய்யா பாட்டு இருக்கு?" என்று தெரிந்த இங்கிலீஷில் கேட்டேன்.

"உங்களுக்குக் கேட்கவில்லையா?" என்று என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டார். பற்றிக்கொண்டு வந்தது.

மூன்றாம் நாள் கரண்ட் போனது. ஒரே அமைதி. அவர் கண்ணை மூடி மைக்கைத் தூக்கினார். மிஷின் ஓடுகிற நினைப்பிலேயே நான் பிட்டரிடம் கத்தினேன்: "ஏலே, இந்த ஆளு எப்பத்தாம்லே போவாரு?"

கிரேக்கர் டேப்ரெக்கார்டரை அணைத்துவிட்டு, "நல்ல குரல்" என்றார்.

அவர் நாட்டில் ஏதோ ஒரு ஊர்க் கச்சேரியில், வயலின்களுக்கு நடுவே, இன்னும் கத்திக்கொண்டிருக்கிறேனோ என்னவோ.