ஓடைக்கு அந்தப் பக்கம்

எங்கள் ஊரில் மழைக்கு யாரும் ஒதுங்குவதில்லை. திருச்செங்கோட்டுப் பக்கம் நாலு தூறல் விழுந்தால் போதும், வீட்டுக்குள் இருப்பவர்களும் வாசலுக்கு வந்துவிடுவார்கள். என் கணவர் போர் போடும் ரிக் லாரி வைத்திருப்பவர். எத்தனையோ தோட்டங்களில் ஆயிரம் அடி இறக்கியும் வெறும் புழுதி பறப்பதைப் பார்த்தவர். மேலேயிருந்து சும்மா விழுகிற தண்ணீர் என்றால் அந்த மனிதருக்குக் கண்மண் தெரியாது. எனக்கும் அந்தப் பித்து உண்டு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால், குழந்தைகளைக் காட்டோடைக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டு நாங்கள் இருவரும் மழையில் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது ஏன் என்று யாருக்கும் விளங்காது.

கோடை விடுமுறைக்குக் கொல்லிமலை போயிருந்தோம். மகளுக்கு ஒன்பது வயது, மகனுக்கு ஐந்து நடந்துகொண்டிருந்தது. கொண்டை ஊசி வளைவுகளில் அவன் என் சேலையெல்லாம் வாந்தி எடுத்தான். ஆனால் காட்டுப் பாதையில் இறக்கிவிட்டதும் ஆள் மாறிவிட்டான். மரத்தில் ஏறியிருந்த மிளகுக் கொடியைத் தொட்டுப் பார்த்தான். ஓடையைக் கண்டதும், மோட்டாரை யார் போட்டது என்று கேட்டான். பாவம், மோட்டார் போடாமல் தண்ணீர் ஓடி அவன் பார்த்ததே இல்லை.

கணுக்கால்கூட நனையாத ஓடைதான். குறுக்கே நாலைந்து கற்கள் கிடந்தன. அந்தக் கரையில் ஒரு நண்டைக் கண்டுவிட்டு இரண்டு பேரும் கற்களைத் தாண்டிப் போனார்கள். நாங்கள் இந்தக் கரையில் உட்கார்ந்து புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தோம். அப்போதுதான் மழை பிடித்தது. மலை உச்சி முன்பே கறுத்துக் கிடந்ததை நாங்கள் பார்க்காமல் இல்லை. என் கணவர் அதைக் காட்டி, நம்ம ஊருக்கும் இதில் கொஞ்சம் வந்தால் தேவலை என்றுகூடச் சொன்னார். அதற்கு மேல் எங்களுக்குத் தோன்றவில்லை. எங்கள் ஊரில் மழை விழுந்த இடத்திலேயே மண் குடித்துவிடும். எங்கோ மேலே பெய்தது ஒன்றுகூடி, கீழே நிற்பவனைத் தேடி வரும் என்பது எங்களுக்குத் தெரியாத பாடம். அவர் சட்டையைக் கழற்றிவிட்டு வானத்தைப் பார்த்து நின்றார். நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

முதலில் சத்தம்தான் வந்தது. லாரி ஏதோ வருகிறது என்று நினைத்தேன். திரும்பினால் ஓடை செந்நிறமாக, சருகும் குச்சியுமாகப் புரண்டு வந்துகொண்டிருந்தது. கற்களைக் காணவில்லை. அவர் இறங்கினார். தொடை வரை போனவரைத் தண்ணீர் சாய்த்துவிட்டது. கரையோர வேரைப் பிடித்து எப்படியோ மேலே ஏறினார். குழந்தைகள் நின்ற இடம் மேடு. அங்கேயே நின்றால் அவர்களுக்கு ஆபத்தில்லை. ஆனால் பயந்த குழந்தை அம்மாவிடம் ஓடாமல் வேறு எங்கே ஓடும்? மகன் அழுதுகொண்டே தண்ணீரை நோக்கி இறங்கினான். மகள் அவன் கால்சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தாள்.

வராதே வராதே என்று கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. என் இரண்டு கைகளும் அவனை நோக்கி நீண்டிருந்தன. அவன் நடை பழகிய நாளிலிருந்து அந்தக் கைகளுக்கு அவனிடம் ஒரே அர்த்தம்தான்.

என் கணவர் என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"கையக் கீழ போடு புள்ள. நீ கூப்புடறன்னு நெனச்சுட்டு வாரான்."

போட்டேன். அப்போதும் அவன் என் முகத்தைப் பார்த்தபடி அக்காவிடமிருந்து திமிறினான்.

"திரும்பி நில்லு," என்றார்.

அந்த நிமிடம் அவரை அறைந்திருப்பேன். அத்தனை ஆத்திரம். ஆனாலும் திரும்பினேன். அழுகிற பிள்ளைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். முதுகுக்குப் பின்னால் தண்ணீர்ச் சத்தம் மட்டும்தான். காலடியில் கொட்டிக் கிடந்த புளிச்சோற்றை மழை கரைத்துக்கொண்டிருந்தது, அதையே பார்த்தேன். எந்தத் தெய்வத்தையும் கூப்பிடத் தோன்றவில்லை. விடாதே கண்ணு, விடாதே என்று என் மகளைத்தான் மனதுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன். ஒன்பது வயதுப் பிள்ளையை.

பிறகு அவர் மெதுவாகச் சொன்னார், "உக்காந்துட்டாங்க. மடியில வெச்சுப் புடிச்சுட்டா."

மழை விட்டது. வந்த வேகத்திலேயே ஓடை வடிந்தது. கற்கள் தலைகாட்டியதும் அவர் போய் இருவரையும் கொண்டுவந்தார். தம்பியின் கால்சட்டையைப் பிடித்திருந்த மகளின் விரல்களை நான்தான் ஒவ்வொன்றாகப் பிரித்துவிட வேண்டியிருந்தது, அவ்வளவு இறுக்கம். அந்தக் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதேன். மகனை வாங்கப் போனேன். அவன் அப்பாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். சேலத்துக்கோ நாமக்கல்லுக்கோ போகும் வண்டிகள் அடிவாரத்தில் எப்போதும்போல ஓடிக்கொண்டிருந்தன.

ஆடி முடிந்து ஒரு மாலை எங்கள் தெருவில் நல்ல மழை. வழக்கம்போல எல்லா வீட்டு ஆட்களும் வெளியே வந்துவிட்டார்கள். என் கணவர் மட்டும் கூரைக்குள் நின்று வானத்தைப் பார்த்தார். எனக்குப் பொறுக்கவில்லை. வாசலில் இறங்கி நனைந்தபடி மகனைப் பார்த்துக் கையை நீட்டினேன்.

"வா சாமி."

அவன் நிலைப்படியிலேயே நின்றான். என் கையைப் பார்த்தான். பிறகு திரும்பி அக்காவைப் பார்த்தான்.

"போலாமாக்கா?"

அவள் வெளியே வந்து தெருவின் மேட்டுப் பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தலையாட்டினாள். கையை இறக்காமல் நின்றேன். அதற்குப் பிறகுதான் அவன் படியிறங்கி வந்தான்.