உப்புப் பார்க்கும் உரிமை

மல்லாட்டைச் செடிக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தேன். தொண்டூர் சாலையில் பஸ் மெதுவானது. கண்டக்டர் படியில் தொங்கியபடி கத்தினார்: "ஏழுமல! ஒங்க பாய் பூட்டாருய்யா!" சேற்றுக் காலோடு அதே பஸ்ஸில் ஏறினேன். செஞ்சிக்கு வந்து சேர்ந்தபோது கரீம் பாயைக் குளிப்பாட்டி முடித்திருந்தார்கள்.

அவர் கையால் பிரியாணி சாப்பிட்டவர்களுக்கு அவரை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அடுப்பும் தேக்சா என்கிற பெரிய அண்டாவும் அவர் பொறுப்பு. விறகும், ஆள்களும், கல்யாண வீட்டாரிடம் பேசுவதும் என் பொறுப்பு. எங்கள் காலனித் தெருவிலிருந்து வந்த என்னைப் பெரிய வீடுகளில் தன் பக்கத்தில் உட்காரவைத்து, "இவன் என் கூட்டாளி, இவனுக்கு முதல்ல போடுங்க" என்று சொன்ன மனுஷன். அதற்காக அவருடைய பிடிவாதத்தை நான் மூடி மறைக்கப் போவதில்லை. செத்துப்போனவரைப் புகழ்ந்தே தீரவேண்டும் என்று எவன் சொன்னது?

எங்கள் அடுப்படியில் ஒரு வழக்கம் இருந்தது. அரிசி போடுவதற்கு முன் எல்லாரும் தள்ளி நிற்பார்கள். பாய் அகப்பையிலிருந்து ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு, நக்கிப் பார்த்து, தலையாட்டுவார். உப்புப் பார்க்கும் உரிமை அவர் ஒருவருக்குத்தான். ஒருமுறை அவர் மனைவியின் தம்பி யூசுப், "உப்பு கம்மியா இருக்குது மச்சான்" என்று கல்யாண வீட்டார் முன்னாலேயே சொல்லிவிட்டான். அன்று கம்மிதான். ஆனாலும் பாதி வேலையில் அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். "ஒரு சட்டிக்கு ஒரு நாக்குதான்டா" என்றார். அதன்பிறகு எவனும் வாயைத் திறக்கவில்லை.

பிறகு அவருக்கு விஷக்காய்ச்சல் வந்தது. காய்ச்சல் விட்டது, நாக்கு மட்டும் திரும்பவில்லை. உப்பும் தெரியாது, புளிப்பும் தெரியாது, உறைப்பும் தெரியாது. இது எங்களில் யாருக்கும் தெரியாது. சொன்னால் தலைமைச் சமையல்காரர் என்கிற பண்டாரிப் பட்டமே போய்விடும் என்று பயந்து மனுஷன் தனக்குள்ளேயே பூட்டிவைத்துக்கொண்டார். பழையபடி உள்ளங்கையில் விடுவார், நக்குவார், தலையாட்டுவார்.

சிங்கவரத்துப் பக்கம் ஒரு கல்யாணம். யூசுப் உப்புப் போட்டுவிட்டான். பாய் நக்கிப் பார்த்தார். ஒன்றும் தெரியாததால் உப்பே போடவில்லை என்று நினைத்துக்கொண்டு, "போடுடா" என்றார். அத்தனை பேருக்கும் தெரியும், போட்டாயிற்று என்று. ஒருவன் பேச வேண்டுமே! யூசுப் மறுபடியும் அள்ளிப் போட்டான். வாசலில் மாப்பிள்ளை வீட்டாரோடு இருந்த நான், தம் உடைத்து மூடி திறந்த பிறகு வந்து ஒரு வாய் வைத்தேன். கடல் தண்ணீர்! உப்பில்லாமல் வேறு சோறு வடித்துக் கலந்து பந்தி போடுவதற்குள் மாப்பிள்ளையின் தாய்மாமன் பாய்விரிப்பைவிட்டு எழுந்தே விட்டார். எங்கள் மானம் போயிற்று.

பந்தி முடிந்ததும் பாய் கேட்டார்: "ஏன்டா, ஒருத்தனுக்குக்கூட சொல்லணும்னு தோணலியா?"

யூசுப் தரையைப் பார்த்தபடி சொன்னான்: "சொன்னா வூட்டுக்கு அனுப்பிடுவீங்களே மச்சான்."

பாய் அடிக்கவில்லை, திட்டவில்லை. குப்புறக் கவிழ்த்திருந்த தேக்சாமேல் உட்கார்ந்து, அப்போதுதான் நாக்கு செத்த கதையைச் சொன்னார். "என்னைச் சுத்தி நானே சுவரு எழுப்பிட்டேன் ஏழுமல. உள்ள மாட்டிக்கினேன்."

அடுத்த கல்யாணத்திலிருந்து அகப்பையை ஆள்களிடமே நீட்டினார். அவர்கள் குழம்பைப் பார்க்கவில்லை, அவர் முகத்தைப் பார்த்தார்கள். "நல்லா இருக்குது பாய்" என்றார்கள். ஒருநாள் வேண்டுமென்றே உப்புப் போடாமல் நீட்டினார். "நல்லா இருக்குது பாய்." அப்போதும் அதேதான். கையை வீசி எல்லாரையும் அப்பால் போகச் சொன்னார். புகையில் கண் எரிகிறது என்று என்னிடம் சொன்னார். அடுப்பு அப்போது தணலாகத்தான் இருந்தது. கோபப்படாமல் கேட்டார், கெஞ்சிக் கேட்டார், சிரித்துக்கொண்டு கேட்டார். அவர்கள் பயம் போகவே இல்லை. போகச்சொன்னால் போய்விடுமா என்ன, இத்தனை வருஷம் ஊட்டி வளர்த்த பயம்?

கடைசியாக நான் அவரைப் பார்க்கப் போனபோது படுக்கையில் இருந்தார். யூசுப் கஞ்சி கொண்டுவந்திருந்தான். பாய் ஒரு வாய் குடித்துவிட்டு, வழக்கம்போலக் கேட்டார்: "உப்பு எப்படிடா?"

யூசுப் ஒரு ஸ்பூன் எடுத்து வாயில் வைத்தான். இன்னொரு ஸ்பூனும் எடுத்துப் பார்த்தான். பிறகு, "கம்மியா இருக்குது மச்சான்" என்றான்.

பாய் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "இன்னொரு தபா சொல்லுடா."

"கம்மிதான் மச்சான்."

அந்தச் சந்தோஷத்தை அவர் முகத்தில் நான் எந்தப் பந்தியிலும் பார்த்ததில்லை.

இப்போது அடுப்பு யூசுப்புடையது. ஆள்களுக்குப் பெரியவன் நான். பாயிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது, கேட்கும் அந்தப் பழக்கம் ஒன்றைத்தான். நேற்று ஆள்களை நிற்கவைத்து, "நான் செய்யறதுல இன்னாடா தப்பு? தைரியமா சொல்லுங்க" என்றேன்.

எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். "நல்லாத்தான் இருக்குதுண்ணே" என்றார்கள்.

பாய், எனக்குப் பயமா இருக்குது.