அருக்காணி கடையில் மட்டும் எரிந்த பல்பு

அருக்காணிக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று கல்கத்தா கிடர்பூரில் அவள் இருந்த சந்து முழுக்கச் சொல்வார்கள். பொய். மூக்கு நுனிவரை ஏறி வர அதற்கு எங்கே நேரம்? அது நாக்கிலேயே பாய் விரித்துக் குடியிருந்தது. ஆனால் ஒன்று, காரணம் இல்லாமல் அவள் யாரையும் திட்டியதில்லை. காரணங்களுக்குத்தான் அந்த ஊரில் பஞ்சமே கிடையாதே.

பிறந்தது கோயமுத்தூர்ப் பக்கம். கணவன் சண்முகத்துக்குத் துறைமுகத்தில் கேட் கிளார்க் வேலை கிடைத்துக் கல்கத்தா வந்தவள், இரண்டு வருஷம் சும்மா இருந்து பார்த்தாள். சும்மா இருக்க வரவில்லை. கை வளையலை விற்று, கோயமுத்தூரிலிருந்து ஒரு கரண்ட் கிரைண்டரை ரயிலில் ஏற்றி வரவழைத்து, சந்து முனையில் மாவுக்கடை போட்டாள். எதிரே ரோட்டைத் தாண்டினால் ஆபீசர் குவார்ட்டர்ஸ். அங்கே இருந்த தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் பேர் வெட்டிய தூக்குகளில் ஊறவைத்த அரிசியையும் உளுந்தையும் கொடுத்தனுப்பும். சாயங்காலம் மாவாகத் திரும்பிப் போகும். டிசம்பர் குளிரில் கல்கத்தாவில் மாவு லேசில் புளிக்காது. பொழுது சாய்வதற்குள் அரைத்துச் சாக்கைச் சுற்றி வைத்தால்தான் காலையில் இட்லி.

இப்படிப் போய்க்கொண்டிருந்த பிழைப்பில்தான் எழுபத்தொன்பதாம் வருஷம் மண் விழுந்தது. தினமும் சாயங்காலம் நாலிலிருந்து ஏழுவரை லோட்ஷெடிங். ஊருக்கே லோட்ஷெடிங்தான், அதை யாரும் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் சந்துக்கு தினம் மூன்று மணி நேரம் இருட்டு. ரோட்டுக்கு அந்தப் பக்கம் குவார்ட்டர்ஸில் ஒரு நாள்கூட விசிறி நின்றதில்லை. அது வேறு லைனாம். சந்தின் தண்ணீர்ப் பம்பு இந்த லைனில். அறுபத்துநாலு வீட்டுக்கு ஒரே குழாய்; சாயங்காலத் தண்ணீர் வரும் நேரத்தில் பம்பு செத்துக் கிடக்கும். பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு இரண்டு தெரு தாண்டிப் போனார்கள். பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி குடத்தோடு வழுக்கி விழுந்த அன்றுதான் அருக்காணி கடைப்படியில் ஏறி நின்று கத்த ஆரம்பித்தாள்.

தமிழ், வங்காளம், இந்தி என்று மூன்று பாஷையிலும் வாய் கூசாமல் பேசத் தெரிந்தவள் அந்தச் சந்தில் அவள் ஒருத்திதான். ஆகையால் பெண்கள் கூடிச் சமிதி என்று ஒரு சங்கம் தொடங்கியபோது அவளே செயலாளர். முதல் கூட்டத்திலேயே யாரோ பின்னாலிருந்து முணுமுணுத்தார்கள், கடைக்காரிக்குத் தன் கிரைண்டர் ஓடவேண்டும், அதற்கு நாம் கொடி பிடிக்க வேண்டுமா என்று. அருக்காணி பட்டென்று சொன்னாள்: "எனக்குப் பம்பு ஓடினாப் போதும். என் கடை லைனைப் பத்தி நான் ஒரு வார்த்தை பேசினா, என் மூஞ்சியிலே காறித் துப்புங்க."

சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு பதினோரு மாசம் அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். காலையில் ஊறப்போட்ட தூக்குகள் வந்து சேரவே மத்தியானம் ஆகும்; கரண்ட் போவதற்கு முன் ஒரு மணியிலிருந்து நாலுவரை ஓட்டினால்தான் கிரைண்டர் உண்டு. மின்சார ஆபீசில் மனு வாங்குகிற பாபுமார் நாற்காலியில் இருப்பதும் அதே ஒன்றிலிருந்து நாலுவரை. மனுக் கொடுக்கப் போனால் மாவு இல்லை. மாவு அரைத்தால் மனு இல்லை. கடை பூட்டியிருந்தால் குவார்ட்டர்ஸ்காரர்கள் முகத்தைச் சுளித்தார்கள். கடை திறந்திருந்தால் சமிதிக்காரர்கள் சுளித்தார்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அது பொய்யில்லை.

ஆபீசில் தத்தா பாபு என்று ஓர் அதிகாரி. மரியாதையில் குறைவே வைக்கமாட்டார். "பம்பை அந்த லைனுக்கு மாத்தணும்னா கேபிள் இல்லையம்மா. ரோட்டைத் தோண்டணும். ஆறு மாசம் ஆகும்." ஆறு மாசம் கழித்துப் போனாலும் அதே ஆறு மாசம்தான். அந்த ஆளின் காலண்டரில் மட்டும் நாள் நகரவே இல்லை.

ஜனவரியில் எலெக்ஷன். டிசம்பர் நடுவில் ஒரு செவ்வாய்க்கிழமை காலையிலேயே எட்டுப் பெண்களோடு கிளம்பிப் போய், ஆறு மாசத்தை மறுபடி கேட்டுக்கொண்டு, அருக்காணி பஸ்ஸில் திரும்பினாள். இறங்கும்போது மணி ஐந்தரை. இருட்டிவிட்டது. சந்து வழக்கம்போல் கரிப்பானைக்குள் கிடந்தது, ஒரே ஓர் இடத்தைத் தவிர. அவள் கடையில் பல்பு எரிந்தது.

எரிந்தது மட்டுமா? கிரைண்டர் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. கடையைப் பார்த்துக்கொள்ள அன்று லீவு போட்டிருந்த சண்முகம், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கல்லில் உளுந்தைத் தள்ளிக்கொண்டிருந்தார். வாசலில் முப்பது பெண்கள் காலிக் குடங்களோடு நின்று அந்த வெளிச்சத்தையே பார்த்தார்கள். 

அவளோடு பஸ்ஸில் வந்த மாலதிதான் முதலில் வாயைத் திறந்தாள். ஜாக்கெட் தைத்துப் பிழைக்கிற வங்காளப் பெண், அருக்காணியைத் திதி, அதாவது அக்கா என்பாள், பதினோரு மாசமாக ஒரு மனுவுக்குக்கூட வராமல் இருந்ததில்லை. "பேஷ், திதி. எங்களைப் பஸ்ஸிலே ஏத்தி அந்தப் பக்கம் கூட்டிக்கிட்டுப் போயிட்டு, இந்தப் பக்கம் உன் கடைக்கு விளக்கு வாங்கிட்டியா?" என்று சொல்லிவிட்டு அருக்காணியின் காலடியில் காறித் துப்பினாள். துப்பச் சொன்னவளே அவள்தானே. 

அருக்காணி உள்ளே போய் மெயினை அணைத்தாள். ஃபியூஸைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டாள். சண்முகம் இருட்டில் விழித்தார்.

"யாருங்க குடுத்தது இந்த லைனு?"

"பிமல் பாபு அம்மிணி. காலைல நீ கெளம்பிப் போனதும் ரெண்டு ஆளோட வந்தாரு." பிமல் அந்த வட்டாரத்துக் கட்சிக்காரர். எலெக்ஷன் நேரத்தில் பெண்கள் ஆபீஸ் வாசலில் நிற்பது அவருக்கு ஆகவில்லை. "பதிலுக்கு ஒண்ணுமே கேக்கலீங்கறேன். அருக்காணி திதி நல்லாருந்தாப் போதும், ஊர்வலம் கீர்வலம்னு அலைய வேண்டாம்னாரு. ஒரு கையெழுத்துக் கேட்டாங்க, போட்டன். தினம் உளுந்து கல்லுலயே நின்னு வீணாப் போறதைப் பாத்துட்டு எத்தனை நாளைக்குத்தான் நானும் சும்மா இருக்கறது?"

"உங்களுக்கு மூளை இருக்குதுங்களா?" என்றாள் அருக்காணி. "துப்புனாளே, பாத்தீங்களா? அது எச்சிலுங்களா? பதினோரு மாசம் நான் பேசுன பேச்சுங்க அது. அத்தனையும் மண்ணுல கெடக்குது."

சண்முகத்துக்கு ரோஷம் வந்துவிட்டது. தான் ஏமாளியில்லை என்று காட்ட வேண்டாமா? பனியனுக்குள் கையை விட்டு ஒரு தாளை எடுத்தார். "நானென்ன சும்மாவா கையெழுத்துப் போட்டன்? ரசீது வாங்கிப்போட்டன்."

அந்த மனுஷனின் வியாதி அது. இருபது வருஷம் கேட்டில் உட்கார்ந்து, சீட்டு இல்லாமல் ஒரு சாக்கு மூட்டையைக்கூட வெளியே விட்டதில்லை. கோயில் உண்டியலில் எட்டணா போட்டாலும் ரசீதுப் புத்தகம் எங்கே என்று தேடுகிற ஆள். திருட்டுத்தனமாக வந்த சலுகைக்கும் ரசீது கேட்டிருக்கிறார். லைன்மேன்கள் தலையில் அடித்துக்கொண்டு, வேலைச் சீட்டின் நகலில் ஆபீஸ் சீலைக் குத்திக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். உலகத்தில் வேறு எவனாவது இதைச் செய்வானா?

அருக்காணி அரிக்கேனைப் பற்றவைத்துப் படித்தாள். சந்து லைனிலிருந்து குவார்ட்டர்ஸ் லைனுக்கு மாற்றம். ஆரம்பம் பதினொன்று பத்து. முடிவு பன்னிரண்டு இருபத்தைந்து. கீழே விண்ணப்பதாரர் கையெழுத்து, சண்முகம். மறுபடி படித்தாள். ரோடு தோண்டவில்லை. கேபிளும் இருந்திருக்கிறது. ஆறு மாசமாவது ஒன்றாவது, மொத்தமே ஒன்றேகால் மணி நேரத்து வேலை. இதற்கா குழந்தைகளும் கிழவிகளும் பதினோரு மாசம் தண்ணீர் சுமந்தார்கள்? பாவிகளா. அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

வெளியே வந்து மாலதிக்கு அதை வங்காளத்தில் படித்துச் சொன்னாள். மாலதி முகம் இளகவில்லை. "நாளைக்கு எல்லார் முன்னாலும் தத்தா பாபு மேஜையிலே போடு. அப்போ நம்பறேன்."

"போடத்தான் போறேன்" என்றாள்.

சண்முகம் பதறிப்போனார். "அதுல என்ற கையெழுத்து இருக்குது அம்மிணி. முறைகேடா லைன் வாங்குன சர்க்கார் வேலைக்காரன்னு என்ற ஆபீசுக்கு எழுதிப்போடுவாங்க. வேலைக்கே வேட்டு வெச்சிருவாங்க."

"அத ரசீது கேக்கறதுக்கு முன்னால ரோசிச்சிருக்கோணும்" என்றாள். அதோடு அவரிடம் பேச்சை நிறுத்தினாள். சோறு போட்டாள், தட்டு மட்டும் பேசியது.

மறுநாள் காலை குவார்ட்டர்ஸிலிருந்து ராஜலக்ஷ்மி மாமி அரைபடாத தூக்கைத் திரும்ப வாங்க வந்தாள். "லைன் வந்தாச்சுன்னாளேடி. அதோட விடப்படாதோ? ஊர்க் கவலையெல்லாம் நோக்கு எதுக்கு?"

"உங்க வீட்டுக் குழாய்ல தண்ணி வருதுங்க மாமி. அதனால உங்களுக்கு அப்படித் தோணுது" என்று தூக்கை நீட்டினாள். மாமி அதற்குப் பிறகு தூக்கு அனுப்பவில்லை.

ஆபீசுக்கு நாற்பது பெண்கள் வந்தார்கள். பாதிப்பேர் நியாயம் கேட்க, பாதிப்பேர் அருக்காணி சொன்னபடி செய்கிறாளா என்று பார்க்க. அவள் சீட்டைத் தத்தா பாபுவின் மேஜையில் வைத்து, விரலால் அந்த இரண்டு மணிகளையும் தொட்டுக் காட்டினாள். "எனக்கு ஒன்றேகால் மணி நேரம். பம்புக்கு எதுக்கு ஆறு மாசம்?"

தத்தா பாபு படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். "இது ஏதோ தவறுதலா நடந்திருக்கு. சரி, வெச்சிட்டுப் போங்க. நான் பார்க்கறேன்." மேஜை டிராயரைத் திறந்து சீட்டை உள்ளே போட்டார்.

அருக்காணி டிராயரையே பார்த்தாள். இருந்த ஒரே தாள். டிராயர் மூடினால் கதையும் மூடும். நாளைக்கு அப்படி ஒரு சீட்டே கிடையாது என்பார்கள். மாலதி கண்ணில் அருக்காணி சாகிறவரை கள்ளிதான். என்ன கேட்பது என்றே அவளுக்குத் தெரியவில்லை.

"ரிசீட் ப்ளீஸ், சார்."

வாசலிலிருந்து வந்தது குரல். எல்லோரும் திரும்பினார்கள். சண்முகம். அவளைத் தடுக்கத்தான் பின்னாலேயே வந்திருக்கிறார்; தடுக்கத் தைரியமில்லாமல் கதவோரம் ஒண்டிக்கொண்டிருந்திருக்கிறார். ஆனால் அசல் தாள் ஒன்று ரசீதில்லாமல் டிராயருக்குள் போவதை அந்த மனுஷனால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"நீங்க யாரு?" என்றார் தத்தா பாபு.

"அதுல கையெழுத்துப் போட்டவன் சார்."

"இது வெளியே போனா உங்க வேலை என்னாகும்னு தெரியுமா?"

"தெரியுஞ் சார்." அவர் கதவை விட்டு இரண்டடி முன்னால் வந்தார். "ஆனா அசல் பேப்பர் வாங்குனா ரசீது குடுக்கோணும் சார். என்ன பேப்பர், என்ன நம்பர், எத்தனை மணிக்கு வேலை நடந்துது, எல்லாம் எழுதி, சீல் வெச்சு."

மாலதிதான் முதலில் தரையில் உட்கார்ந்தாள். பிறகு நாற்பது பேரும். தத்தா பாபுவுக்கு டீ இரண்டு தரம் வந்து ஆறிப்போனது. கடைசியில் எழுதிக் கொடுத்தார். சண்முகம் அதை வாங்கி, தேதி சரியா என்று பார்த்துவிட்டு, அருக்காணியிடம் நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டாள், அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

அவர்கள் பஸ்ஸை விட்டு இறங்குவதற்குள் அவள் கடையின் புது லைனை அறுத்து, பழையபடி சந்து லைனிலேயே கோத்துவிட்டுப் போயிருந்தார்கள். அதற்குக் கேபிளும் வேண்டாம், ரோடும் தோண்ட வேண்டாம். அடுத்த வாரமே சண்முகத்துக்கு ஆபீசிலிருந்து மெமோ வந்தது. கேட்டிலிருந்து தூக்கிக் கடைக்கோடி ஷெட்டில் போட்டார்கள். குவார்ட்டர்ஸ் தூக்குகளில் பாதி நின்றுபோயின. ஆனால் ரசீது சமிதியிடம் இருந்தது, எலெக்ஷன் பக்கத்தில் இருந்தது. மூன்றாவது வாரம் பம்பை மட்டும் குவார்ட்டர்ஸ் லைனுக்கு மாற்றினார்கள். சத்தியமாக, ஒன்றேகால் மணி நேரம்கூட ஆகவில்லை.

முதல் நாள் சாயங்காலம் ஐந்தரைக்கு இருட்டுச் சந்தில் குழாய் சீறிக்கொண்டு தண்ணீர் விட்டது. வரிசையில் முதல் ஆள் மாலதி. குடத்தைக் கீழே வைத்துவிட்டுக் கடைப்படிக்கு வந்தாள். "அடுத்து உன் கடைக்கு லைன் கேட்போம், திதி. நானே முன்னால நிக்கறேன்."

"அன்னிக்கு இதே இடத்துல துப்பினியே, ஞாபகம் இருக்கா?"

மாலதி தலையைக் குனிந்துகொண்டாள். "இருக்கு."

"எனக்கும் இருக்கு. போ, குடத்தை அலசிட்டுப் புடி. பின்னால ஆளுங்க நிக்கறாங்க."

நாலு மணிக்குக் கரண்ட் போனபோது கல்லில் பாதி அரைபட்ட உளுந்து நின்றுவிட்டிருந்தது. அருக்காணி குனிந்து கையால் அதை வழித்தாள். சண்முகம் ஷெட்டிலிருந்து வந்து, சட்டையைக்கூட மாற்றாமல், அரிக்கேனைத் தூக்கிப் பிடித்தார். மூன்று வாரமாக இதே வேலைதான் அவருக்கு. வாசலில் குடம் நிரம்பும் சத்தம் கேட்டது.

"இன்னும் கோவமா அம்மிணி?" என்று மெல்லக் கேட்டார்.

"ஆமாங்க" என்றாள் அருக்காணி. மூன்று வாரத்தில் அவரிடம் அவள் பேசிய முதல் வார்த்தை அது. "வெளக்கை இந்தப் பக்கம் திருப்பிப் புடிங்க. உளுந்து தெரிய மாட்டேங்குது."