கை நனைக்கப் போன கால் வயிறுகள்

"...முக்கால்வாசி வயித்தையே வெட்டி எடுத்தாச்சு மதினி. மிச்சம் இருக்கது கால் வயிறு. இதுல இந்த ஜாங்கிரிய நான் எங்க கொண்டு போயி வைக்க?"

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு வீட்டு மாடியில், இலைக்கு முன்னால் உட்கார்ந்தபடி சரஸ்வதி இப்படிச் சொன்னதும் சாம்பார் வாளியோடு வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். கரண்டியிலிருந்து ஒரு முருங்கைக்காய் மட்டும் நழுவித் தரையில் விழுந்தது.

எதிரே, ஜாங்கிரியைக் கையில் ஏந்தியபடி பெண்ணைப் பெற்ற அம்மா. ஓரமாக, மூன்று நாற்காலிகளைச் சேர்த்துப் போட்டு அதில் மல்லாக்கப் படுத்திருந்தவர் டில்லிபாபு. அவருக்கு விசிறிக்கொண்டிருந்தவர் நளினி மாமி. அவசரத்தில் கையில் கிடைத்ததை எடுத்து விசிறியிருக்கிறார். அது பெண்ணின் ஜாதகம்.

நான் அங்கே என்ன செய்துகொண்டிருந்தேன்? சொல்கிறேன். அதற்கு முன்னால் உங்களிடம் ஒரு மன்னிப்பு பாக்கி இருக்கிறது.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால், முப்பத்தெட்டு கிலோ குறைந்தது எப்படி என்று இதே இடத்தில் எழுதியிருந்தேன். காலையில் பீச்சில் நடை, ராத்திரி கொள்ளு ரசம்... ஞாபகம் இருக்கிறதா? பாலவாக்கத்திலிருந்து ஒரு வாசகி ஆறு மாசம் விடாமல் கொள்ளு ரசம் குடித்துவிட்டு, 'எனக்கு ஒன்றரைக் கிலோ ஏறியிருக்கிறது' என்று கடிதம் போட்டார். அம்மா, கொள்ளின் மேல் தப்பே இல்லை. நான் பண்ணிக்கொண்டது ஆபரேஷன். வயிற்றைச் சுருக்கும் ஆபரேஷன்.

ஏன் மறைத்தேன்? வெட்கம்தான். வாயைக் கட்டத் தெரியாமல் வயிற்றை வெட்டிக்கொண்டவன் என்று நீங்கள் சிரிப்பீர்களே!

முதல் வருஷம் ராஜ மரியாதை. பேன்ட் தொளதொள. "என்ன சார், காலேஜ் பையன் மாதிரி ஆயிட்டீங்க!" டாக்டரே போட்டோ எடுத்துக்கொண்டார். மூன்றாவது வருஷத்திலிருந்துதான் ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்தது. ஸ்வீட் சாப்பிட்டால் பத்தாவது நிமிஷம் நெஞ்சு படபட, குப்பென்று வேர்வை, கண் இருட்டல். சீப்பு முழுக்க முடி. உள்ளங்காலில் எறும்பு ஊர்கிற மாதிரி ஒரு மதமதப்பு. சத்து மாத்திரை ஆயுசுக்கும் வேண்டும், வருஷா வருஷம் ரத்தம் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொல்லித்தான் அனுப்பினார். வீட்டுக்குப் போகிற சந்தோஷத்தில் அதெல்லாம் யார் காதில் விழுந்தது?

சரி, யாரிடமாவது புலம்பலாம் என்றால்... ஆபரேஷனே நடக்கவில்லை என்று ஊரை நம்ப வைத்தாயிற்று. நடக்காத ஆபரேஷனுக்குப் பின்விளைவு எங்கிருந்து வரும்?

போன வருஷம் ஒரு நாள் அடையாறில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்தவர் என் சீட்டை எட்டிப் பார்த்தார். மந்தைவெளியில் ஸ்கூல் வேன் ஓட்டுகிறவர். இவர்தான் நாற்காலியில் படுத்திருந்த டில்லிபாபு.

"இன்னா சார், பி ட்வெல்வு, இரும்பு, கால்சியம்... நம்ம சீட்டு மாதிரியே கீது?"

"சும்மா... ஜெனரல் செக்கப்."

"நானும் அதான் சார். ஜெனரலு." குரலை இறக்கினார். "ஸ்வீட்டு துண்ணா படபடன்னு அட்ச்சிக்குமா சார்?"

நான் பதில் சொல்வதற்குள் பின் வரிசையிலிருந்து குரல் வந்தது. "கேசரின்னா எனக்குக் கால் மணி நேரம். அல்வான்னா அரை மணி படுத்துண்டாத்தான் சரியாறது." மயிலாப்பூர் நளினி மாமி. பாங்க்கில் முப்பது வருஷம் இருந்து ரிட்டயர் ஆனவர். இனிப்புகளை ருசியை வைத்துத் தரம் பிரிக்காமல், படுத்துக்கொள்ளும் நேரத்தை வைத்துத் தரம் பிரித்த முதல் மனுஷி!

மாமிக்குப் பக்கத்தில் சரஸ்வதி. நெல்லைப் பக்கத்துக்காரர். தி.நகரில் கணவரோடு ஜாக்கெட் துணிக் கடை வைத்திருக்கிறார். எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஒரே வார்த்தைதான் சொன்னார்.

"எனக்கும்."

எத்தனையோ பேர் எத்தனையோ ஆறுதல் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அந்த 'எனக்கும்' பக்கத்தில் ஒன்றும் நிற்காது.

விசாரித்தால், நான் ஒன்றும் பெரிய பொய்யன் இல்லை. டில்லிபாபு பேட்டையில் குடல்வால் என்று சொல்லியிருக்கிறார். சரஸ்வதி, கணவரைத் தவிர மற்ற எல்லோரிடமும் கர்ப்பப்பை என்று. மாமி, அமெரிக்காவில் இருக்கும் மகளுக்கே ஹெர்னியா என்று சொல்லி வைத்திருக்கிறார். எங்களுக்கு இல்லாத வியாதிகளைச் சேர்த்தாலே ஒரு வார்டு நிரம்பிவிடும்!

அன்றைக்கே வாட்ஸப் குழு ஆரம்பித்தோம். பெயர் 'கால் வயிறு'. மாசத்தில் இரண்டு ஞாயிறு தி.நகரில் ஒரு டிபன் ஹோட்டலில் சந்திப்பு. ஒரு பொங்கல், ஒரு வடை — ஒன் பை ஃபோர். வடையைப் பிய்ப்பது சரஸ்வதி. துணி கிழித்துப் பழகிய கை, நாலு துண்டும் நூல் பிசகாது. சாப்பிடும்போது நாங்கள் தண்ணீர் குடிக்கக் கூடாது என்பதால் நாலு டம்ளரும் அப்படியே இருக்கும். சர்வர் ஒருநாள் பொறுக்க மாட்டாமல் கேட்டேவிட்டார். "சார், வீட்ல ஏதாவது பிரச்சினையா?"

சிரிப்பதற்காக மட்டும் நாங்கள் கூடவில்லை. சரஸ்வதிக்குக் கால் மரத்துப் போய்க்கொண்டே இருந்தது. நாள் முழுக்கக் கடையில் நிற்பதால்தான் என்று அவர் நினைத்திருந்தார். மாமி விடவில்லை. "பி ட்வெல்வ் கடைசியா எப்போ பார்த்தேள்?" அன்றைக்கு அடையாறில் பார்த்ததுதான் நாலு வருஷத்தில் முதல் தடவை! அந்த ரிப்போர்ட்டையும் பயத்தில் பிரிக்காமல் பீரோவில் வைத்திருந்தார். மறுநாளே மாமி அந்தக் கவரோடு அவரை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனார். ஊசி போட்டார்கள். மரத்துப் போன காலுக்கு மெதுவாக உணர்ச்சி திரும்புகிறது. டாக்டர் அன்பாகச் சொன்னதை மிரட்டிச் சொல்லவும் ஒரு ஆள் வேண்டியிருக்கிறது, இல்லையா?

இப்போது ஜாங்கிரிக்கு வருகிறேன்.

சரஸ்வதியின் மகனுக்குப் பெண் பார்த்தார்கள். ஈக்காட்டுத்தாங்கலில் லேத் பட்டறை வைத்திருக்கும் குடும்பம், அவர்களும் நெல்லைதான். பையனுக்கும் பெண்ணுக்கும் ரொம்பப் பிடித்துவிட்டது. பெண் பார்க்கப் போன அன்று சரஸ்வதி மரியாதைக்காக ஒரு கிண்ணம் கேசரி சாப்பிட்டார். பத்து நிமிஷத்தில் வேர்த்துக் கொட்டி, சோபாவிலேயே சாய்ந்துவிட்டார். இரண்டு நாளில் தரகர் மூலம் கேள்வி வந்தது. மாப்பிள்ளையின் அம்மாவுக்கு ஹார்ட்டில் ஏதும் கோளாறா?

"இல்லைன்னு சொல்லியாச்சு அண்ணாச்சி" என்றார் சரஸ்வதி, வடையைப் பிய்த்தபடி. "ஆனா வாற ஞாயித்துக்கிழம கை நனைக்கக் கூப்பிடுதாங்க. மறுபடியும் படுத்தேன்னா அவ்வளவுதான். எம் புள்ள கல்யாணம் என்னாலயே நின்னு போவும்."

கை நனைப்பது தெரியும்தானே? பெண் வீட்டில் மாப்பிள்ளை வீட்டார் இலை போட்டுச் சாப்பிடுவது. சாப்பிட்டால் சம்மதம். இலை அப்படியே இருந்தால் வேறு அர்த்தம். அதிலும் மாப்பிள்ளையின் அம்மா இலையை எத்தனை கண் பார்க்கும்!

"பேசாம ஆபரேஷன்னு சொல்லிடுங்களேன்" என்றேன். கொள்ளு ரசம் எழுதிய நான்!

"அழகுக்காக வயித்த வெட்டுனவன்னு சொல்லுவாங்க அண்ணாச்சி. வேண்டாம்."

டில்லிபாபு மேஜையைத் தட்டினார். "நாங்க எதுக்கு கீறோம்? கூட வர்றோம்க்கா!"

திட்டம் தயார். நான் ஒன்றுவிட்ட அண்ணன். டில்லிபாபு ஒன்றுவிட்ட தம்பி. மாமி ஹவுஸ் ஓனர். நானும் டில்லிபாபுவும் சரஸ்வதிக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து, அவர் இலையில் விழும் இனிப்பை எங்கள் இலைக்குக் கடத்திவிட வேண்டும். டில்லிபாபுவுக்கு மட்டும் ஒரு நிபந்தனை — வாயைத் திறக்கக் கூடாது. நெல்லைத் தம்பி 'இன்னா கீது' என்றால் கதை கந்தல்! சரஸ்வதியின் கணவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "என்னமும் செய்ங்க" என்று கடைச் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். விவரமான மனுஷர்.

ஞாயிற்றுக்கிழமை. இலை போட்டார்கள். மாப்பிள்ளைப் பையனும் அவன் அப்பாவும் எதிர் வரிசையில். நம் பந்தியில் முதலில் விழுவதே இனிப்புதானே! ஜாங்கிரி விழுந்தது. சரஸ்வதி அதை நைசாக என் இலைக்குத் தள்ளினார். இப்போது என் இலையில் இரண்டு ஜாங்கிரி.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இதை யார் சாப்பிடுவது?

நான் டில்லிபாபுவைப் பார்த்தேன். டில்லிபாபு மாமியைப் பார்த்தார். மாமி தன் ஜாங்கிரியைப் பார்த்தார். மூன்று பேர் ஒரு வாரம் உட்கார்ந்து போட்ட திட்டம்... நாங்களும் கால் வயிறுகள்தான் என்பது ஒருத்தருக்கும் ஞாபகம் வரவில்லை. கிணற்றில் விழுந்தவரைத் தூக்க, நீச்சல் தெரியாத மூன்று பேர் தைரியமாகக் குதித்திருக்கிறோம்!

அந்த நேரம் பார்த்துப் பெண்ணின் அப்பா டில்லிபாபுவிடம் வந்தார். "தம்பிக்கு எந்த ஊரு?"

டில்லிபாபு முழு ஜாங்கிரியையும் வாய்க்குள் தள்ளி, ஊம் ஊம் என்று தலையை ஆட்டினார்.

"என்ன தொழிலு?"

டில்லிபாபுவின் கை சரஸ்வதியைத் தாண்டி நீண்டு வந்து, என் இலையிலிருந்து இன்னொரு ஜாங்கிரியை எடுத்துப் போயிற்று.

"புள்ளைங்க எத்தன?"

பாயசத்தைக் கப்போடு கவிழ்த்துக்கொண்டார். சொன்ன சொல் தவறாத மனுஷர். வாயைத் திறக்கவே இல்லை.

பத்தாவது நிமிஷம் அவர் சட்டை நனைந்திருந்தது. "நைனா..." என்று என் பக்கம் சாய்ந்தார். நாற்காலிகளைச் சேர்த்துப் படுக்க வைத்தோம்.

இதற்கு நடுவில் சரஸ்வதி இலையில் ஜாங்கிரி இல்லாததைக் கவனித்து, மதினி ஆசையாகச் சாப்பிட்டிருக்கிறார் என்று நினைத்து, இன்னொன்றை எடுத்துக்கொண்டு பெண்ணின் அம்மா வந்துகொண்டிருந்தார். வந்தவர் டில்லிபாபுவைப் பார்த்து அப்படியே நின்றார்.

"ஏங்க... அன்னிக்கு மதினிக்கும் இப்படித்தானே வேர்த்துச்சு? இப்பம் தம்பிக்கும்... அப்பம் இது பரம்பரையாவே இருக்கா?" என்று சொல்லிக்கொண்டே என் பக்கம் திரும்பினார். நான் ஒன்றுவிட்ட அண்ணன். பயத்தில் எனக்கும் வேர்த்துக்கொண்டிருந்தது!

"கொஞ்சம் யோசிக்க வேண்டிய விசயம்லா இது..." என்று பெண்ணின் அப்பா தொண்டையைக் கனைத்தார். மாப்பிள்ளைப் பையன் முகம் விழுந்தது. உள்ளே கதவோரம் நின்ற பெண்ணின் முகமும்தான்.

அப்போதுதான் சரஸ்வதி வயிற்றைப் பற்றிச் சொன்னார். எல்லாவற்றையும் சொன்னார். தனக்கு நடந்தது கர்ப்பப்பை ஆபரேஷன் இல்லை என்று. கேசரி ஏன் அப்படிச் செய்தது என்று. "இவங்க எனக்கு அண்ணனும் இல்ல, தம்பியும் இல்ல மதினி. என்னய மாதிரியே வயிறு உள்ளவங்க. எனக்காகத்தான் வந்தாங்க."

"அப்பம் ஹார்ட்டு?"

"நல்லா இருக்கு மதினி. ரிப்போர்ட்டு வேணும்னா காட்டுதேன்."

நாற்காலியிலிருந்து ஒரு கை உயர்ந்தது. "எனுக்கும் ஹார்ட்டு நல்லா கீதும்மா! அஞ்சு நிமிசத்துல எந்திர்ச்சிருவேன்!"

பெண்ணின் அம்மா ஜாங்கிரியைத் தட்டில் வைத்தார். நெருங்கி உட்கார்ந்தார். என்ன கேட்கப் போகிறார் என்று பந்தியே பார்த்துக்கொண்டிருந்தது.

"எத்தன கிலோ மதினி கொறஞ்சுது?"

சிரிப்பு எங்கிருந்து ஆரம்பித்தது என்று தெரியவில்லை. பெண்ணின் அப்பாகூடச் சிரித்துவிட்டார். "இத மொதல்லயே சொல்லியிருந்தா ஜாங்கிரியே போட்டிருக்க மாட்டோமே" என்றார் அந்த அம்மா. "முடிஞ்சத சாப்பிடுங்க மதினி. ஒரு வாய் போதும்."

பாயசம் பரிமாறிக்கொண்டிருந்த பெண்ணின் சித்தியை அதுவரை நான் சரியாகப் பார்க்கவில்லை. ஒல்லியான உடம்பு. மெல்லிய சடையில் தாங்க முடியாத அளவுக்குப் பூ. பாயச வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சரஸ்வதி பக்கத்தில் வந்து, மெதுவாகக் கேட்டார்.

"கொட்டுன முடி திரும்ப வளருமாக்கா?"

"உனக்கு எதுக்குட்டி அது?" என்றார் அவருடைய அக்கா. "உனக்குப் பித்தப்பை ஆபரேசன்தானே பண்ணுனாங்க?"

சித்தி தலை குனிந்து பூவைச் சரி செய்துகொண்டார்.

சரஸ்வதி காலி நாற்காலி ஒன்றைத் தன் பக்கத்தில் இழுத்துப் போட்டார். தன் இலையிலிருந்த வடையை எடுத்தார். நூல் பிசகாமல் பிய்த்தார்.

ஐந்தாக.