இடுப்பெலும்பில் வெள்ளைப் புள்ளிகள்

எஹலியகொடைப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றிலிருந்து அந்தோனிமுத்து எங்கள் சி.டி. ஸ்கேன் அறைக்கு வந்தது கிட்னியில் கல் இருக்கிறதா என்று பார்க்கத்தான். ஐம்பதைத் தாண்டிய மனிதர். பால் வெட்டுகிற வேலை. வலி தாங்காமல் மேசையிலேயே சுருண்டு கிடந்தார்.

"ஐயா, நிமிர்ந்து படுங்கோ. ரெண்டு கையையும் தலைக்கு மேலே வையுங்கோ. நான் சொல்லேக்க மூச்சைப் பிடிக்கோணும்" என்றேன்.

"மிஸ் யாழ்ப்பாணமாங்க?" என்று அந்த வலியிலும் கேட்டார்.

ஆம், நான் வடமராட்சிக்காரி. ரேடியோகிராஃபராக சப்ரகமுவவுக்கு மாற்றலாகி வந்து, இங்கேயே குடும்பமாகி, ஓய்வு பெறும்வரை இங்கேதான் வேலை பார்த்தேன். இப்போது இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகள் படம் எடுப்பதில் என்னைவிடக் கெட்டிக்காரர்கள். அதனால் படம் எடுத்த பிறகு நடந்ததைத்தான் எழுதுகிறேன்.

கல் இருந்தது. சிறுநீர்க் குழாயில் சின்னதாக ஒன்று. அதோடு முடிந்திருக்கும். ஆனால் வயிற்றுக்கு எடுக்கிற சி.டி.யில் இடுப்பெலும்பும் தொடையெலும்பின் தலையும் சேர்ந்தே விழும். எலும்பு மட்டும் தெளிவாகத் தெரிகிற ‘போன் விண்டோ’ அமைப்பில் போட்டுப் பார்த்தபோது அங்கே சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகள். ஒன்றிரண்டு அல்ல, அள்ளித் தெளித்த மாதிரி. ஆண்களுக்கு புரொஸ்டேட் புற்றுநோய் எலும்புக்குப் பரவினால் இப்படித்தான் வெள்ளையாகத் தெரியும்.

எங்கள் கன்சல்டன்ட் டொக்டர் ஒரு சிங்களப் பெண்மணி. பொறுமைசாலி. பின்னேரம் அவர் வந்ததும் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார்.

"அவசரப்படக் கூடாது" என்றார் சிங்களத்தில். "எல்லாப் புள்ளியும் மூட்டைச் சுற்றி இருக்கிறது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி. முள்ளந்தண்டில் ஒன்றுமே இல்லை. புற்றுநோய் இப்படி ஒழுங்கு பார்த்து வராது. இது பிறவியிலேயே சிலருக்கு இருப்பது, ஒன்றும் செய்யாது. கையை ஒரு எக்ஸ்ரே எடுத்தால் தெரிந்துவிடும். ஒரு இரத்தப் பரிசோதனையும் செய்யலாம்."

அதற்குள் அந்தோனிமுத்து ஊசி போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். டொக்டர் ரிப்போர்ட்டில் எல்லாவற்றையும் எழுதினார். கல்லைப் பற்றி ஒரு பந்தி. எலும்பைப் பற்றி ஒரு பந்தி: ஒஸ்டியோபொய்கிலோசிஸ், அதாவது அந்தப் பிறவிப் புள்ளிகள், ஆக இருக்கக்கூடும், மெட்டாஸ்டாசிஸ், அதாவது புற்றுநோய்ப் பரவல், இல்லையென்று உறுதிப்படுத்த வேண்டும், கை எக்ஸ்ரே எடுக்கவும். ஒரு டொக்டர் இன்னொரு டொக்டருக்கு எழுதுகிற முறையில் அதில் ஒரு பிழையும் இல்லை.

பிறகொரு நாள் வந்து ரிப்போர்ட்டைக் கவுண்டரில் வாங்கிக்கொண்டு போனவர் கிளினிக்குக்கு வரவே இல்லை. டொக்டர் இரண்டு தடவை என்னிடம் கேட்டார். ஃபைலில் இருந்த நம்பருக்கு எடுத்துப் பார்த்தேன். வேலை செய்யவில்லை.

ஆறேழு மாதம் போயிருக்கும். கல் வலி மறுபடி வந்து, நினைவு தப்புகிற நிலையில் தோட்டத்து லொறியில் அவரைக் கொண்டுவந்து வார்டில் சேர்த்தார்கள். பெயரைப் பார்த்ததும் டொக்டரிடம் ஓடினேன். வலி அடங்கியபின் அவரை வீல் செயாரில் வைத்து எக்ஸ்ரேக்குக் கூட்டி வந்தோம். பாதியாக மெலிந்திருந்தார்.

"இனி எதுக்குங்க மிஸ் படமெல்லாம்? எலும்பு பூரா கேன்சர் பரவிருச்சே. எனக்குத் தெரியுங்க."

"ஆர் ஐயா சொன்னது?"

"டவுன்ல போன் கடை வச்சிருக்க பையன்தாங்க. நல்ல பையன். எனக்கு இங்கிலிஸ் தெரியாதுன்னு அந்த ரிப்போட்ட போன்ல போட்டுப் பாத்தான். மொத சொல்லுக்கு ஒண்ணும் காட்டலயாம். ரெண்டாவது சொல்லுக்குக் காட்டிச்சு. படிச்சிட்டு அவனே அழுதுட்டான்."

"பிறகு ஏன் கிளினிக்குக்கு வரேல்லை?"

"வந்தா கொழும்புக்கு அனுப்புவீங்க. எங்க லயத்துலருந்து அப்பிடிப் போனவுங்க பெட்டியிலதான் திரும்பி வந்தாங்க. அதோட எனக்கு முடிக்க வேண்டிய காரியம் ஒண்ணு இருந்திச்சு மிஸ்."

கைகள் இரண்டையும் வைத்துப் படம் எடுத்தேன். விரல் மூட்டுகளிலும் மணிக்கட்டிலும் அதே புள்ளிகள், இரு கையிலும் ஒரே மாதிரி. அந்தக் கணத்தில் எனக்குச் சந்தோஷம்தான். இரத்தப் பரிசோதனையும் சுத்தமாக வந்தது. டொக்டர் வார்டுக்குப் போய், கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவரிடம் சிங்களத்தில் விளக்கினார். அந்தோனிமுத்துவுக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. இருந்தாலும் முடிந்ததும் என் பக்கம் திரும்பினார்.

"நீங்க தமிழ்ல ஒருக்கா சொல்லுங்க மிஸ்."

"இது கேன்சர் இல்லை ஐயா. பிறக்கேக்கயே உங்களோட வந்தது. மச்சம் மாதிரி. கல்லை எடுத்தால் நீங்கள் சுகமா இருப்பியள்."

அவர் சிரிப்பார், கும்பிடுவார் என்று எதிர்பார்த்தேன். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

"அப்போ நான் எம்மகள என்னங்க பண்ணிட்டேன்!"

ஸ்டெல்லா அவருடைய ஒரே பிள்ளை. தாய் செத்தபிறகு அவர் தனியாக வளர்த்த பிள்ளை. கல்வியியற் கல்லூரியில் இடம் கிடைத்து டீச்சருக்குப் படித்துக்கொண்டிருந்தாள். தான் செத்தால் தோட்டத்து வேலைக்குப் பேர் பதிய ஆளில்லை, தோட்டம் கொடுத்த லயத்து வீட்டையும் விடச் சொல்வார்கள், பெண் நடுத்தெருவில் நிற்பாள் என்று இவர் கணக்குப் போட்டிருக்கிறார். றக்வானையில் தங்கச்சி மகன் இருந்தான். பிள்ளையைப் படிப்பிலிருந்து நிறுத்திக் கூட்டி வந்து அவசர அவசரமாகக் கல்யாணத்தை முடித்துவிட்டார். அவள் டொக்டரிடம் போகலாம் என்று அழுதிருக்கிறாள். "மொதல்ல தாலியக் கட்டிக்க, அப்பறம் வர்றேன்" என்று சொல்லியிருக்கிறார். மாப்பிள்ளை குடிகாரன் என்பது தெரியாமல் இல்லை. கல்யாணம் ஆனால் திருந்திவிடுவான் என்று தங்கச்சி சொன்னாளாம். அவன் திருந்தவில்லை.

ஸ்டெல்லா மறுநாள் வந்தாள். ஒல்லியான பெண், நாலு மாதக் கர்ப்பிணி. இடது கன்னத்தில் மஞ்சளாகிப்போன ஒரு காயம். வார்டுக்கு வெளியே நின்று விஷயத்தைச் சொன்னேன்.

"அந்தக் கை எக்ஸ்ரே எடுக்க எவ்வளவு நேரமாகும் மிஸ்?"

பொய் சொல்ல முடியவில்லை. "அஞ்சு நிமிசம்" என்றேன்.

தலையை ஆட்டினாள். அப்புறம், "இது பரம்பரையா வருமா?" என்று கேட்டாள்.

"வரலாம். உமக்கும் இருக்கக்கூடும், பிறக்கிற பிள்ளைக்கும் இருக்கக்கூடும். ஆனா பயப்பிட ஒண்டுமில்லை பிள்ளை. அது ஒரு ஆளையும் ஒண்டும் செய்யாது."

"எனக்கு செஞ்சிருச்சே மிஸ்" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. பஸ் போய்விட்டது என்கிற மாதிரிச் சொன்னாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய், "அப்பா, ஏன் இன்னும் சாப்பிடாம இருக்கீங்க?" என்று அவள் விசாரித்தது வெளியே கேட்டது. அவர் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். "இப்ப அதெல்லாம் வேணாம்ப்பா, வாயத் தொறங்க" என்றாள்.

கல்லை எடுத்து அவரை வீட்டுக்கு அனுப்பினோம். ஸ்டெல்லா றக்வானைக்குத் திரும்பிப் போனாள். கல்லூரியில் அவளுடைய இடம் போனது போனதுதான். டொக்டரே கடிதம் கொடுத்துப் பார்த்தார். நடக்கவில்லை.

அதன்பிறகு எங்கள் பிரிவில் ஒரு வழக்கம் வந்தது. தேடிப் போனது ஒன்று, கிடைத்தது இன்னொன்று என்றால், அந்த ரிப்போர்ட் கவுண்டருக்குப் போகாது. ஆளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, அவர் பாஷையில் சொல்லி, மிச்சப் படத்தை அன்றைக்கே எடுத்துவிட்டுத்தான் அனுப்புவோம். வரிசையில் நிற்கிறவர்கள் ஏசுவார்கள். ஏசட்டும்.

பிள்ளைகளே, எதிர்பாராத ஒன்று எலும்பில் தெரிந்தால் பெரும்பாலும் அது ஒன்றுமில்லாததாகத்தான் இருக்கும். சிலவேளை பெரிய வியாதியாகவும் இருக்கும். எது என்று முடிவு சொல்வது டொக்டரின் வேலை. ஆனால் அந்த முடிவு வரும்வரை அந்த மனிதர் வீட்டில் சும்மா இருக்கமாட்டார். தனக்குத் தெரிந்த அரைகுறையை வைத்துக்கொண்டு தன் வாழ்க்கையையும் தன்னை நம்பி இருப்பவர்களின் வாழ்க்கையையும் மாற்றி அமைத்துக்கொண்டிருப்பார். நாம் பிறகு போய் "ஒன்றுமில்லை" என்று சொல்லும்போது, அதை வாங்கிக்கொள்ள அங்கே பழைய வாழ்க்கை இருக்காது.